பாதி அழுத்தி நிறுத்துங்க: எட்டுப் பேர் இருந்த ஒரு புகைப்படப் பட்டறை

அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தைக்கும்போது எடுத்த படங்கள் என் கணினியில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட நான் நினைத்த மாதிரி வரவில்லை. ஒன்று, முகம் லேசாகக் கலங்கியிருக்கும். இல்லையென்றால் ஜன்னல் வெள்ளை வெளேரென்று ஆகி, அம்மா அதன் முன்னால் ஒரு கறுப்பு உருவமாகத் தெரிவார். லென்ஸில்தான் ஏதோ கோளாறு என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது கோளாறு இல்லை என்று தெரிய ஒரு சனிக்கிழமை காலையில் அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது.

அதற்கு முன்னால் நான் எதுவும் படிக்காமல் இல்லை. வீடியோக்கள் நிறையப் பார்த்திருந்தேன். அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) மூன்றையும் யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்லிவிடுவேன். ஆனால் நாம் வீடியோவைப் பார்க்கிறோமே தவிர வீடியோ நம் கையைப் பார்ப்பதில்லை. நான் செய்யும் தவறை, செய்யும் அந்த நொடியில், பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும். அதனால்தான் சின்ன பட்டறையாகத் தேடினேன். எட்டுப் பேர், ஒரே ஆசிரியர், ஒரு நாள். ஆறு மணி நேரத்தை எட்டால் வகுத்தால் ஆளுக்கு 45 நிமிடம் வருகிறது. அதுவே நாற்பது பேர் என்றால் ஒன்பது நிமிடம். பட்டறையில் சேர நினைப்பவர்கள் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுங்கள்: எத்தனை பேர் வருகிறார்கள்? அதில் எவ்வளவு நேரம் நாங்கள் படம் எடுப்போம்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் அது பட்டறை இல்லை, சொற்பொழிவு.

வருவதற்கு முன்பே ஆசிரியர் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நன்றாக வந்த படம் வேண்டாம், எடுக்க ஆசைப்பட்டு வராமல் போன படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். இது எவ்வளவு நல்ல யோசனை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நன்றாக வந்த படத்தைக் காட்டினால் பாராட்டு கிடைக்கும். வராத படத்தைக் காட்டினால்தான் பாடம் அங்கிருந்து தொடங்கும். நான் அம்மா படங்களில் ஒன்றைக் கொண்டுபோனேன்.

அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. டிஜிட்டல் படம் ஒவ்வொன்றுடனும் அது எந்த அளவுகளில் எடுக்கப்பட்டது என்ற விவரமும் சேர்ந்தே பதிவாகிறது. எக்ஸிஃப் என்று சொல்வார்கள். அதைத் திறந்தார். ஷட்டர் வேகம் 1/13 நொடி, அப்பெர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100, லென்ஸ் 55 மி.மீ.யில்.

"ஐஎஸ்ஓவை ஏன் நூறுலயே வெச்சிருக்கீங்க?"

"குறைவா வெச்சாதான் படம் சுத்தமா வரும்னு படிச்சேன், சார்."

"சுத்தமாத்தான் வந்திருக்கு. ஆனா ஆடியிருக்கே."

அப்புறம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். கையில் பிடித்து எடுக்கும்போது, லென்ஸ் எத்தனை மி.மீ.யோ குறைந்தது அத்தனையில் ஒரு பங்கு நொடி வேகமாவது வேண்டும் என்பது பழைய விதி. என் கேமராவில் இருப்பது முழு அளவு சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் தகடு) இல்லை, சிறியது. அதனால் 55-ஐ 1.5-ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 1/80 நொடி. நான் எடுத்ததோ 1/13. ஐஎஸ்ஓவை 100-லிருந்து 200, 400, 800 என்று மூன்று முறை இரட்டித்தால், ஷட்டர் வேகமும் 1/13-லிருந்து 1/25, 1/50, 1/100 என்று மூன்று முறை இரட்டிக்கும். அதாவது அதே அறை, அதே வெளிச்சம், அதே லென்ஸ். ஐஎஸ்ஓ 800 வைத்திருந்தால் அந்த நூறு படங்களில் பாதியாவது தெளிவாக வந்திருக்கும்.

ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும் என்பது உண்மைதான். ஆனால் புள்ளிகளைக் கணினியில் ஓரளவு குறைத்துக்கொள்ளலாம். ஆடிப்போன முகத்தைத் திரும்பக் கொண்டுவருவது அப்படி நடக்கிற காரியம் இல்லை. லென்ஸில் நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் இன்னும் மெதுவான வேகத்திலும் எடுக்கலாம். அதுவும் நம் கை நடுக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும், எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கணக்கு முடிந்ததும் என்னை ஒரு படம் எடுக்கச் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். எடுத்தேன். "இன்னொண்ணு" என்றார். எடுத்தேன். "பட்டனைப் பாதி அழுத்தி நிறுத்துங்க" என்றார்.

நான் அழைப்பு மணியை அழுத்துவது போல ஒரே குத்தாக அழுத்திக்கொண்டிருந்தேன். பாதி அழுத்தினால் கேமரா ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தையும் அளந்துகொண்டு காத்திருக்கும். மீதிப் பாதியை அழுத்துவதுதான் படம் எடுப்பது. ஒரே குத்தாக அழுத்தும்போது விரலின் வேகத்தில் கேமராவே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. படம் எடுக்காமல், பாதி அழுத்தி விடுவதை மட்டும் இருபது முறை செய்யச் சொன்னார். மூச்சை வெளியே விட்டு, அந்த ஓய்வில் மீதியை அழுத்த வேண்டும். இடது கையால் கேமராவின் பக்கவாட்டைப் பிடித்திருந்தேன். அதை எடுத்து லென்ஸுக்கு அடியில், உள்ளங்கையில் லென்ஸ் உட்காரும்படி வைத்தார். முழங்கைகள் விலாவோடு ஒட்டின. அவ்வளவுதான். 1/30 நொடியில்கூட மூன்றில் இரண்டு படம் அசையாமல் வந்தது. மூன்று வருடத்தில் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நான் படம் எடுப்பதை யாரும் பின்னால் நின்று பார்த்ததில்லை.

இன்னொரு விஷயமும் அங்கேயே தெரிந்தது. ஃபோகஸ் எங்கே செய்வது என்பதை முழுவதுமாகக் கேமராவிடமே விட்டிருந்தேன். அது பெரும்பாலும் அருகில் இருப்பதை, கோடுகள் பளிச்சென்று தெரிவதைத் தேர்ந்தெடுக்கும். அம்மாவின் கண்ணை விட ஜன்னல் கம்பி தெளிவாக இருந்தது அதனால்தான். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றி, அந்தப் புள்ளியை நமக்கு அருகில் இருக்கும் கண் மேல் வைக்கச் சொன்னார். புதிய கேமராக்களில் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. என்னுடையதில் இல்லை.

இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் தடுமாறியது. ஒரே வேலைக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அப்பெர்ச்சரை நாம் வைத்து மற்றதைக் கேமராவிடம் விடும் முறை கேனனில் 'ஏவி', நிக்கானிலும் சோனியிலும் வெறும் 'ஏ'. அசையும் பொருளைத் தொடரும் ஃபோகஸ் கேனனின் டிஎஸ்எல்ஆரில் 'ஏஐ சர்வோ', மற்ற இரண்டிலும் 'ஏஎஃப்-சி'. அவரவர் மெனுவில் தேடியே அரைமணி நேரம் போனது. அந்த அரைமணி நேரத்தை வீட்டிலேயே மிச்சப்படுத்தியிருக்கலாம். போவதற்கு முன் உங்கள் கேமராவில் ஐஎஸ்ஓ எங்கே மாற்றுவது, ஃபோகஸ் புள்ளியை எப்படி நகர்த்துவது, எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, கூட்டிக் குறைக்கும் பட்டன் எது, அந்த வெளிச்சத்தை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் எப்படி வரும் என்று இந்த நான்கை மட்டும் கண்டுபிடித்து வையுங்கள். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். கார்டில் இருப்பதைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கேமராவிலேயே ஃபார்மட் செய்துகொண்டு போங்கள். அன்று ஒருவருடைய கார்டு பழைய படங்களால் நிரம்பியிருந்தது. எதை அழிப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்கு ஒரு பயிற்சியே தவறிவிட்டது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அடுத்து வந்த பயிற்சி எளிமையானது, ஆனால் என் தலைக்குள் இருந்த ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்தது. சுவரில் ஒரு வெள்ளைத் துணி, பக்கத்தில் ஒரு கறுப்புத் துணி. வெள்ளைத் துணி மட்டும் சட்டம் முழுக்க நிறையும்படி ஒரு படம், கறுப்புத் துணி மட்டும் நிறையும்படி ஒரு படம். எட்டுப் பேரின் திரையிலும் ஒரே முடிவு: இரண்டும் சாம்பல் நிறம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வெள்ளைத் துணி என்று சொல்வதே சிரமம்.

கேமராவின் ஒளிமானிக்கு எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. எல்லாம் சேர்ந்து சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு அளக்கிறது. தன் மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பலை இதற்கு அளவாகச் சொல்வது வழக்கம். அதனால் வெள்ளையைக் காட்டினால் ஒளியைக் குறைத்துச் சாம்பலாக்குகிறது, கறுப்பைக் காட்டினால் ஒளியைக் கூட்டிச் சாம்பலாக்குகிறது. இப்போது கூட்டல் கழித்தல் குறியுள்ள பட்டனை அழுத்தி, வெள்ளைக்குக் கூட்டல் ஒன்றரையும் கறுப்புக்குக் கழித்தல் ஒன்றரையும் வைத்து எடுத்தோம். வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் வந்தது. வெளிச்சமான இடத்துக்குக் கூட்டு, இருட்டான இடத்துக்குக் குறை. கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனால் துணியில் ஒரு தரம் செய்துவிட்டால் மறக்காது. ஜன்னலுக்கு முன்னால் அம்மா ஏன் கறுப்பாக வந்தார் என்பதற்கு இதுதான் விடை. கேமரா ஜன்னலை அளந்தது, நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோடு ஹிஸ்டோகிராமும் வந்தது. இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை, நடுவில் மேடு. மேடு எங்கே இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. வெள்ளைத் துணிக்கு அது வலப்பக்கம் இருப்பதுதான் சரி. வலது சுவரில் போய் முட்டி அங்கேயே குவிந்திருந்தால் மட்டும் அந்த இடத்தில் விவரம் போய்விட்டது என்று பொருள். வெயிலில் திரையைப் பார்த்துப் படம் இருட்டா வெளிச்சமா என்று முடிவு செய்வதை நான் அன்றோடு விட்டுவிட்டேன். திரை ஏமாற்றும், வரைபடம் ஏமாற்றாது.

மதியத்துக்கு மேல் நடந்ததைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதன் அருகில் ஒரு நாற்காலி. ஒருவர் உட்கார வேண்டும், மற்றவர்கள் முறை வைத்து எடுக்க வேண்டும், பிறகு ஆள் மாற வேண்டும்.

முதலில் அறையின் விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்தார். எனக்கு அதிர்ச்சி. வெளிச்சம் போதவில்லை என்று விளக்கைப் போட்டுத்தான் இத்தனை நாள் எடுத்திருக்கிறேன். ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் ஜன்னல் வழியே வரும் பகல் ஒளி சுமார் 5500 கெல்வின், பழைய மஞ்சள் பல்பு 2700 கெல்வின் அளவில் இருக்கும். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் ஆரஞ்சு. ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எப்படி வைத்தாலும் இரண்டில் ஒன்று தப்பாகத்தான் தெரியும். ஒரே ஒளி, அது மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

பிறகு நாற்காலியை நகர்த்தினார். ஜன்னலிலிருந்து அரை மீட்டரில் வைத்தபோது என் கேமரா 1/250 காட்டியது. இரண்டு மீட்டர் தள்ளி வைத்ததும் 1/30. மற்ற எதையும் மாற்றவில்லை. ஜன்னலை விட்டு விலக விலக ஒளி இவ்வளவு வேகமாக விழுகிறது என்று கண்ணுக்குத் தெரிவதே இல்லை, கண் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. பெரிய லென்ஸ் வாங்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் நாற்காலியை ஒன்றரை மீட்டர் நகர்த்தியிருந்தால் போதும். நகர்த்துவதோடு திருப்பவும் செய்தார். ஜன்னலுக்கு நேர் எதிரே முகம் இருந்தால் ஒளி தட்டையாக இருக்கும். முதுகு காட்டினால் நிழலுரு. பக்கவாட்டில் உட்கார்த்தி, முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பினால் மூக்கும் கன்னமும் எழுந்து நிற்கும், கண்ணுக்குள் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி விழும். நிழல் பக்கம் இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளை அட்டையை அந்தப் பக்கம் பிடித்தால் போதும், திரும்பி வரும் ஒளியில் நிழல் இளகிவிடுகிறது.

அப்புறம் என் முறை வந்தது, நாற்காலியில் உட்கார. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏழு பேர் ஏழு லென்ஸோடு பார்க்கிறார்கள், யாரும் பேசவில்லை. திரையைப் பார்க்கிறார்கள், புருவத்தைச் சுருக்குகிறார்கள், எதையோ திருகுகிறார்கள், மறுபடி பார்க்கிறார்கள். என் முகத்தில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கழுத்து விறைத்துவிட்டது. ஒரே ஒருவர் மட்டும், "ஒரு நிமிஷம், நான் அளவை மாத்திக்கிறேன், நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்றார். அந்த ஒரு வரியில் தோள் தானாக இறங்கியது. நான் சிரித்துப் பேச ஆரம்பித்தேன். அன்று என்னை எடுத்த படங்களில் நான் நானாக இருப்பது அவர் எடுத்ததில் மட்டும்தான்.

கேமரா பாடம் எதையும் விட இது பெரியது என்று நினைக்கிறேன். ஆளை உட்கார வைப்பதற்கு முன்பே அளவுகளை வைத்துவிட வேண்டும். அந்த இடத்தில் நம் கையையே நீட்டி ஒரு சோதனைப் படம் எடுத்தால் போதும். ஆள் வந்த பிறகு திரையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துப் பேச வேண்டும். படம் எடுப்பவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அதற்காகத்தான் எல்லோரையும் உட்கார வைப்பதாகச் சொன்னார்.

வெளியே நடந்த பயிற்சிக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு மணி நேரம், 36 படங்கள், ஒரு பழைய ஃபிலிம் சுருளின் அளவு. ஜூமை 35 மி.மீ.யில் வைத்து அதற்கு மேல் தொடக்கூடாது. எடுத்த படத்தைத் திரையில் பார்க்கவும் கூடாது. பார்க்காமல் எப்படி என்று இரண்டு பேர் முறையிட்டார்கள். அப்போதுதான் முதல் டிஜிட்டல் கேமராவைப் பற்றிச் சொன்னார். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் செய்தது. சுமார் 3.6 கிலோ எடை, படத்தில் நூறுக்கு நூறு புள்ளிகள், கறுப்பு வெள்ளை. ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிவு செய்ய 23 நொடி பிடித்தது. அந்த 23 நொடியை நான் மனதில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, சட்டத்தின் நான்கு ஓரத்திலும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுத்தால் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகிறது. ஜூம் இல்லாததால் காலால் நடக்க வேண்டியிருந்தது. நடக்க நடக்கப் பின்னணி மாறுகிறது, அதை நான் இதற்கு முன் கவனித்ததே இல்லை.

திரும்பி வந்து ஆளுக்கு ஒரே ஒரு படம் தேர்ந்தெடுத்துப் போட்டோம். எல்லோருடைய படத்திலும் என்னை அதிக நேரம் நிற்க வைத்தது, செல்போனில் எடுத்தது. அந்தத் தம்பியிடம் கேமராவே இல்லை, போனோடு வந்திருந்தான். மாடிப்படியில் விழுந்த வெயில் பட்டை, அதில் ஒரு ஜோடி கால்கள். போன் திரையில் வெயில் பட்டையைத் தொட்டு, சூரியன் போன்ற குறியைக் கீழே இழுத்து, நிழல் முழுக்கக் கறுக்கும்வரை ஒளியைக் குறைத்திருந்தான். காலையில் கறுப்புத் துணியில் செய்த அதே கழித்தல்தான்.

குறை என்றால் கடைசி ஒரு மணி நேரம். கணினியில் படத்தைச் சரிசெய்வதை அவசர அவசரமாக ஓட்டிவிட்டார்கள். ரா கோப்பில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில், எடுத்தால் 14 பிட் கேமராவில் ஒவ்வொரு புள்ளியிலும் 16,384 படிகள் பதிவாகும், ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான், அதனால் நிழலைத் தூக்கும்போது ராவில் விவரம் மிஞ்சும் என்பது வரை புரிந்தது. அதற்கு மேல் சுட்டி எங்கே போகிறது என்று பின்தொடரவே முடியவில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், அல்லது இந்த நாளில் அதைச் சேர்க்காமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை அம்மா தைக்க உட்காரும் முன்பே நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். விளக்கை அணைத்தேன். "ஏன் அணைக்கிற, ஊசில நூல் கோக்க வேணாமா?" என்றார். ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன், அவருக்கும் தெரிந்தது, எனக்கும் போதுமானதாக இருந்தது. 55 மி.மீ., எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800, 1/125. பாதி அழுத்தி நிறுத்தினேன். அவர் தன் தங்கையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நானும் கேட்டுக்கொண்டே மீதியை அழுத்தினேன்.

முகம் தெளிவாக இருக்கிறது. கண்ணில் அந்தப் புள்ளி இருக்கிறது. ஊசியை இழுத்த கை மட்டும் லேசாக அசைந்திருக்கிறது. அதையும் நிறுத்த 1/250 வேண்டும். நாளைக்கு ஐஎஸ்ஓவை 1600 ஆக்கிப் பார்க்கிறேன்.